ஆனியன்ஸ் என்றொரு குடும்பப்பெயர்: வெங்காய மண்டிக்காரர் பரம்பரையா?

கேள்வி, ஜூன் 3

என் பையன் பழைய கவுண்டி மேட்ச் ஒன்றின் ஸ்கோர் கார்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ‘கேட்ச் மஸ்டர்ட், பவுல்டு ஆனியன்ஸ்’ என்று இருக்கிறதாம். கடுகும் வெங்காயமும் போட்டுத் தாளித்து ஒருத்தனை அவுட்டாக்கிவிட்டார்கள் என்கிறான். ஸ்மித் என்றால் கொல்லன், பேக்கர் என்றால் ரொட்டி சுடுகிறவர், டெய்லர் என்றால் தையல்காரர். அந்தக் கணக்கில் ஆனியன்ஸ் என்றால் பரம்பரையாக வெங்காய மண்டி வைத்திருந்த குடும்பம்தானே? நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தப்பென்றால் திருத்துங்கள்.

ஜூன் 3, இரவு 10.40

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இங்கிலாந்துக் குடும்பப்பெயர்களில் பாதி தொழிலிலிருந்தோ ஊரிலிருந்தோ வந்தவை. வெங்காயம் விற்றவர் ஆனியன். கடைசியில் ஒரு ‘ஸ்’ வேறு ஒட்டியிருப்பதால் சில்லறை வியாபாரம் இல்லை, மொத்த வியாபாரம்.

ஜூன் 4, காலை

மேலே எழுதியதை அழிக்கவில்லை. என் அவசரத்துக்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. ஆனியன்ஸ் என்ற பெயர் பழைய காலத்திலிருந்து அடர்த்தியாக இருக்கும் இடம் எது? ஸ்டாஃபர்ட்ஷயரும் ஷ்ராப்ஷயரும். ஷ்ராப்ஷயர் வேல்ஸ் எல்லையில் இருக்கிறது. எல்லையோர மாவட்டத்தில் விசித்திரமான ஆங்கிலப் பெயர் ஒன்று கிடைத்தால் முதலில் வேல்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். அதைத்தான் நேற்று ராத்திரி மறந்தேன்.

வேல்ஸில் ஐனியொன் என்று ஓர் ஆண்பெயர் உண்டு. இடைக்காலத்தில் நம்மூர் முருகன், கந்தன் போலப் புழங்கிய பெயர். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒரு கவிஞர் பெயரே ஐனியொன் அப் குவால்க்மாய். குவால்க்மாயின் மகன் ஐனியொன் என்று அர்த்தம். அப்பா குவால்க்மாயும் கவிஞர், தாத்தாவும் கவிஞர். வெங்காயத்துக்கும் அந்த வீட்டுக்கும் சமையல்கட்டைத் தாண்டி எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த ஐனியொன் எல்லை தாண்டி வந்ததும், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஏட்டில் ஏறியிருக்கிறது. எனியன், அனியன், இனியன், ஒனியன் என்று விதவிதமாக. கடைசியில், ஏற்கெனவே தெரிந்த ஒரு காய்கறியின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தெரியாத சொல் காதில் விழுந்தால் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். காவலுக்கு நிற்கிற சிப்பாய் அதட்டிக் கேட்கும் ‘ஹூ கம்ஸ் தேர்’ நம் ஊரில் ‘உக்கும்தார்’ ஆகவில்லையா?

(‘இனியன்’ என்று ஒரு வடிவம் இருந்தது என்றதும் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். வேண்டாம். அது வேறு, நம்ம இனியன் வேறு.)

ஜூன் 4, மாலை

பையன் சிரித்தது பெரிய குற்றமில்லை. நான் செய்ததைக் கேளுங்கள்.

2009-இல் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பத்திரிகை பெயர் வேண்டாம். மே மாதம் லார்ட்ஸில் இங்கிலாந்து - வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். கிரகாம் ஆனியன்ஸுக்கு அதுதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 38 ரன்னுக்கு 5 விக்கெட், வெஸ்ட் இண்டீஸ் 152-க்குச் சுருண்டது. விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த தலைப்பு: ‘வெங்காயம் உரித்தது, வெஸ்ட் இண்டீஸ் கண்ணீர்’. நான்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செய்திக்குள் ‘ஆனியன்’, ‘ஆனியன்ஸ்’, ‘ஒனியன்ஸ்’ என்று மூன்று விதமாக இருந்ததை ஒரே மாதிரி ஆக்கப் போன உதவி ஆசிரியர் ஒருவர், கம்ப்யூட்டரில் மொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தார். என்ன குழப்பத்தில் எதை எதால் மாற்றினாரோ தெரியாது. காலையில் பேப்பரைப் பிரித்தால் பந்துவீச்சுப் பட்டியலில் ஆண்டர்சன், பிராட், ஸ்வான், பிரெஸ்னன், நடுவே ‘வெங்காயம் 5/38’. அந்தக் கட்டத்தையும் நான்தான் பார்த்திருக்க வேண்டும். எண்களைச் சரிபார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை. எண்ணில் ஒரு பிழையும் இல்லை என்பதை அன்று மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். ஒரே வரி: ‘கிலோ என்ன விலை?’

ஜூன் 5

‘சரி, ஐனியொன் என்ற ஆள்பெயர் என்றால் கடைசியில் ‘ஸ்’ எதற்கு, ஊரில் நாலு ஐனியொன் இருந்தார்களா?’ என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

நல்ல கேள்வி. மொத்த வியாபாரம் என்று நான் உளறியதும் இந்த ‘ஸ்’ஸை வைத்துத்தான். அது பன்மை இல்லை, உடைமை. ஐனியொனுடைய பிள்ளை என்பதன் சுருக்கம். வில்லியம்ஸ், ராபர்ட்ஸ், எவன்ஸ், டேவிஸ் எல்லாம் இதே அச்சு. ஜோன்ஸ் என்பது ஜானுடைய பிள்ளை. வேல்ஸிலும் எல்லையிலும் இந்த ‘ஸ்’ பெயர்கள் கொட்டிக் கிடப்பதற்குக் காரணம், அங்கே நெடுங்காலம் குடும்பப்பெயர் என்பதே கிடையாது. அப்பா பெயர்தான் அடையாளம். மகன் என்பதற்கு வெல்ஷ் சொல் ‘மாப்’. பெயர்களுக்கு நடுவில் வரும்போது தலையெழுத்து உதிர்ந்து ‘அப்’ ஆகிவிடும். இன்னார் அப் இன்னார் அப் இன்னார் என்று பூட்டன் வரைக்கும் கோத்துக்கொண்டு போவார்கள். 16-ஆம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்து நிர்வாகத்தோடு இணைத்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலமானது. இவ்வளவு நீளத்தை எந்தக் குமாஸ்தா எழுதுவான்? முதலில் வசதியான குடும்பங்கள் ஒரே பெயரில் நின்றன. கிராமங்களில் பழைய முறை இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பெயரை நிறுத்திக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, அப்பா பெயரோடு ‘ஸ்’. இன்னொன்று, அந்த ‘அப்’பையே விழுங்கிவிடுவது. அப் ரிஸ் என்பது ப்ரைஸ், அப் ஹவெல் என்பது பவல், அப் ஓவென் என்பது போவன். நம்ம ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் மைக்கேல் பெவன். கடைசிப் பந்தில் பவுண்டரி அடித்துத் தலைவலி கொடுத்த அதே பெவன்தான். அந்தக் குடும்பப்பெயர் அப் எவன்.

அப்படியானால் அப் ஐனியொன்? பேனன். வேல்ஸில் இன்றும் இருக்கிற பெயர். பென்னியன் என்பதும் அதே. ஆக, ஆனியன்ஸும் பேனனும் ஒரே பெயருக்கு வாய்த்த இரண்டு பிள்ளைகள். ஒருத்தர் எல்லைக்கு அந்தப் பக்கம் மானத்தோடு இருக்கிறார், இன்னொருத்தர் இந்தப் பக்கம் வந்து காய்கறிக் கூடையில் விழுந்துவிட்டார்.

ஜூன் 5, சற்றுப் பிறகு

எதிர்பார்த்தேன். ‘அப்’ என்றால் அப்பன், எனவே வெல்ஷ் மொழி தமிழிலிருந்து போனது என்று ஒரு செய்தி வந்துவிட்டது. ஐயா, அங்கே அது மகன். அப்பனும் மகனும் ஒன்றென்று தத்துவமாக வேண்டுமானால் பேசலாம், சொல்லாராய்ச்சி ஆகாது.

ஜூன் 7

அப்பா பெயர் விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

என் மகள் படிக்கப் பர்மிங்காம் போனபோது பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டோம். வேறென்ன போடுவது? நமக்கு இருப்பது ஓர் இனிஷியல். போன இரண்டாவது நாள் போன் செய்து, ‘அப்பா, இங்கே எல்லாரும் உங்க பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்க’ என்றாள். வங்கிக் கடிதம் என் பெயருக்கு, நூலக அட்டை என் பெயருக்கு, பல் மருத்துவர் வெளியே வந்து கூப்பிடுவதும் என் பெயரை. 2014-இல் அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மாவிடம் என் பெயரைச் சொன்னதும், ‘அது தெரியும், உங்கள் முதல் பெயர் என்ன?’ என்றார். எனக்கு இருப்பதே அது ஒன்றுதான் என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் டீ இரண்டு தடவை போட்டார்.

ஹென்றி காலத்தில் எல்லை தாண்டி வேலைக்கு வந்த ஓர் ஐனியொன் மகன் குமாஸ்தா முன்னால் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும். ‘உன் பெயர்?’ சொன்னான். ‘குடும்பப்பெயர்?’ விழித்தான். ‘சரி, அப்பா பெயர்?’

ஜூன் 8

ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறேன். வெல்ஷ் மொழியில் ஐனியொன் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எதன் மேல் வைத்து அடிக்கிறார்களோ, அது. பட்டடை. உலைக்கல் என்று பழைய தமிழில் சொல்வது.

குழந்தைக்கு யாராவது பட்டடை என்று பேர் வைப்பார்களா என்றால், ஏன் வைக்க மாட்டார்கள்? நம் சங்கப் பாட்டிலேயே ஒரு வீரனைக் கொல்லனின் உலைக்கல்லுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். சம்மட்டி எவ்வளவு வேகமாக வந்து விழுந்தாலும் அது அசையாது. எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் சின்ன வயசில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். புளியமரக் கட்டையை மண்ணில் பாதி புதைத்து அதன் தலையில் பட்டடையை இறக்கியிருப்பார்கள். அடி விழும்போது பட்டடை சும்மா இருக்கும். நின்றுகொண்டிருக்கிற நம் உள்ளங்கால்தான் அதிரும்.

கேட்டவர் ஸ்மித்தில் ஆரம்பித்தார் இல்லையா, ஸ்மித் என்றால் கொல்லன் என்று. பாருங்கள், கொல்லன் அடிக்கிற பட்டடையிலேயே வந்து நிற்கிறோம்.

கிரிக்கெட்டுக்கும் இது பொருந்துகிறது. 2009 டிசம்பரில் செஞ்சூரியனில் தென் ஆப்பிரிக்காவோடு டெஸ்ட். இங்கிலாந்துக்கு 9 விக்கெட் போய்விட்டது, கடைசி ஓவர், ந்டினி பந்து வீசுகிறார், எதிரே பதினொன்றாம் ஆட்டக்காரர் ஆனியன்ஸ். ஆறு பந்தையும் தாங்கினார், டிரா. ஜனவரி 2010, கேப் டவுன். மறுபடியும் 9 விக்கெட், மறுபடியும் கடைசி ஓவர், இந்தத் தடவை மோர்னே மோர்கல். மறுபடியும் தாங்கினார், மறுபடியும் டிரா. அடுத்த டெஸ்ட் ஜோகன்னஸ்பர்க்கில். அதற்கு அவரை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. ஒரு பந்துவீச்சாளர் பேட்டைப் பிடித்து இரண்டு டெஸ்டைக் காப்பாற்றினால் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

ஜூன் 9

பட்டடை என்றதும் நினைவுக்கு வந்தவர் பீட்டர் ஆனியன்ஸ். 1724-இல் ஷ்ராப்ஷயரில் ப்ரோஸ்லி என்ற ஊரில் பிறந்தவர். தொழில், இரும்பு. கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே இரும்புதான்.

ஊதுலையிலிருந்து வருகிற வார்ப்பிரும்பில் கரி அதிகம். அடித்தால் வளையாது, உடையும். அதைத் தேனிரும்பாக்க வேண்டுமானால் கரியை வெளியேற்ற வேண்டும். உருகிய இரும்பை ஓர் உலைக்குள் விட்டு, காற்றை ஊதி, கிண்டிக்கொண்டே இருந்தால் கரி எரிந்து போகும். போகப் போக இரும்பு இறுகும். கிண்டுகிற கோலில் களி மாதிரி திரண்டு ஒட்டிக்கொண்டு வரும். அந்த உருண்டையை வெளியே இழுத்துச் சம்மட்டிக்கடியில் கொடுத்து அடித்தால் கசடு தெறித்துப் போகும். இந்த வழிக்கு 1783-இல் பீட்டர் ஆனியன்ஸ் காப்புரிமை வாங்கினார். மறு வருஷம் ஹென்றி கோர்ட் என்பவர் கிட்டத்தட்ட இதே வகைக்குக் காப்புரிமை வாங்கினார். பாடப்புத்தகத்தில் இருப்பது கோர்ட் பெயர். ஆனியன்ஸ் 1798-இல் வேல்ஸில், மெர்தர் டிட்விலில் இறந்தார். குடும்பப்பெயர் புறப்பட்ட மண்ணுக்கே திரும்பிப் போயிருக்கிறார்.

2014-இல் மகள் என்னை அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் நிறுத்திய இரும்புப் பாலம். முழுக்க வார்ப்பிரும்பில் கட்டிய முதல் பெரிய பாலம் அதுதான். தச்சு வேலையில் போடுவது போலவே முளையும் பொருத்தும் ஆப்பும் வைத்து இரும்பைக் கோத்திருக்கிறார்கள். நான் பார்த்தது என்னவோ சுங்கச்சாவடிப் பலகையைத்தான். பிழை திருத்துபவன் புத்தி. ராணுவத்தார் பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தபால் வண்டியானாலும், அரச குடும்பமே ஆனாலும் காசு கொடுக்காமல் தாண்ட முடியாது என்று எழுதியிருக்கிறது. நம்மூர் டோல்கேட்டில் ‘விலக்கு அளிக்கப்பட்டவர்கள்’ பலகையின் நீளத்தை நினைத்துக்கொண்டேன்.

பாலத்தின் ஒரு கரையில்தான் ப்ரோஸ்லி. அன்றைக்கு எனக்கு பீட்டர் ஆனியன்ஸைத் தெரியாது. தெரிந்திருந்தால் மேடேறிப் போயிருப்பேன். மகள் பசிக்கிறது என்றாள், பஸ் ஏறிவிட்டோம்.

ஜூன் 12

ஒரு திருத்தம். பட்டடை, பட்டடை என்று இரண்டு நாள் ஆடிவிட்டேன். வெல்ஷில் ஐனியொன் என்ற சொல்லுக்குப் பட்டடை என்று பொருள் இருப்பது உண்மை. பெயர் அதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்வதுதான் இடிக்கிறது.

பெயராய்வாளர்கள் காட்டும் மூலம் அன்னியானுஸ் என்ற இலத்தீன் பெயர். பிரிட்டனை ரோமர்கள் ஆண்ட காலத்து எச்சம். 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் பாங்கர், செயின்ட் ஆசஃப் என்ற இரண்டு மறைமாவட்டங்களிலும், இடத்துக்கு ஒருவராக, ஒரே சமயத்தில் இரண்டு பிஷப்புகள் இருந்தார்கள். இரண்டு பேர் பெயரும் அனியன். ஐனியொன் என்பதன் இன்னொரு வடிவம்தான் அது. இலத்தீன் வாசனை இன்னும் போகாத வடிவம்.

அப்படியானால் நடந்தது இதுதான். இலத்தீன் பெயர் ஒன்று வெல்ஷ்காரர் காதில் விழுந்தது. அவர்களுக்குப் பட்டடை என்று கேட்டது. அது ஆங்கிலேயர் காதில் விழுந்தது. அவர்களுக்கு வெங்காயம் என்று கேட்டது. அங்கிருந்து எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. மிச்சத்தைத்தான் ஜூன் 4-ஆம் தேதியே சொல்லிவிட்டேனே.

பட்டடை போனதில் எனக்கு வருத்தம்தான். அந்தப் புளியமரக் கட்டைப் பத்தியை எடுக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 13

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு பேரைச் சொல்கிறேன். இரண்டு பேருமே 1873-இல் பிறந்தவர்கள்.

ஒருவர் ஆலிவர் ஆனியன்ஸ். பிராட்ஃபோர்டில் பிறந்தவர், எழுத்தாளர், பேய்க் கதைகளுக்குப் பெயர் போனவர். 1918-இல் சட்டப்படி ஜார்ஜ் ஆலிவர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஆனால் கடைசிவரை புத்தகங்களில் ஆலிவர் ஆனியன்ஸ்தான். ஆக, வீட்டுக்கும் சர்க்காருக்கும் வெங்காயம் வேண்டாம், அட்டைப்படத்துக்கு வேண்டும். எனக்கு இது நன்றாகவே புரிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படப்போகும் பாடு வேறு, கடையில் புத்தகத்தின் முதுகைப் பார்த்து ஒருவர் நின்றுவிடுவது வேறு.

மற்றவர் சி. டி. ஆனியன்ஸ், பர்மிங்காம்காரர். இவர் மாற்றவில்லை. 1895-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பணியில் ஜேம்ஸ் மர்ரேயிடம் சேர்ந்தவர், பிறகு அதன் நான்காவது ஆசிரியர் ஆனார். அகரவரிசையின் வால், எக்ஸ், ஒய், இஸட் எல்லாம் அவர் கைக்கு வந்தன. வாழ்நாள் முழுக்க ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடி, தனியாக ஒரு சொற்பிறப்பு அகராதியும் செய்தார். அது வெளிவந்தது 1966-இல். அவர் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார். எல்லாச் சொல்லையும் ‘உன் அப்பா யார்’ என்று கேட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு பெயர். வெங்காயம் என்ற சொல்லுக்கான பதிவை அவரே எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ‘ஓ’ எழுத்து மர்ரே பார்த்த பகுதி.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ‘ஓ’வுக்குப் பக்கத்தில் மேலே ஒரு கொம்பு போட்டு ஓ’நையன்ஸ் என்று எழுதிவிடுவது. ஓ’பிரையன், ஓ’கானர் போல அயர்லாந்துக் களை வந்துவிடும். இம்பீரியல் கல்லூரியின் தலைவராக 2010 முதல் 2014 வரை இருந்த புவியியலாளர் சர் கீத் ஓ’நையன்ஸ் எழுத்து அப்படித்தான். கொம்பு போடாமலே ‘ஓநையன்ஸ்’ என்று நடு அசையை நீட்டிச் சொல்லிக்கொள்கிற வீடுகளும் உண்டு. ஒற்றைக் கொம்பில் இலத்தீன், வெல்ஷ், ஆங்கிலம் மூன்றையும் தாண்டி அயர்லாந்துக்குப் போய்விடலாம். விசா வேண்டாம்.

ஜூன் 14

மஸ்டர்ட்? அது நிஜக் கடுகு. கடுகு விற்றவர், அரைத்தவர். அல்லது கடுகு மாதிரி சுள்ளென்று கோபம் வருகிற ஆளுக்கு வைத்த பட்டப்பெயர். ஆக அந்த ஸ்கோர் கார்டில் பாதி தாளிப்பு உண்மை. பையனுக்கு ஐம்பது மார்க்.

ஜூன் 14, இரவு

ஜோகன்னஸ்பர்க்கில் ஆனியன்ஸை எடுத்துவிட்டு யாரைப் போட்டார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ரயன் சைட்பாட்டம்! இந்தப் பெயருக்கும் நம்ம ஆட்கள் நிறையச் சிரித்திருக்கிறார்கள். சைட் என்றால் பக்கம், பாட்டம் என்றால் பின்புறம் என்று. பழைய ஆங்கிலத்தில் ‘சீட்’ என்றால் அகன்ற, ‘பாட்டம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடி. செஷயரில் அப்படியோர் இடத்தில் இருந்தவர்கள். விண்டர்பாட்டம், ஹிக்கின்பாட்டம் என்று வடமேற்கு இங்கிலாந்தில் வரிசையாக உண்டு. எல்லாம் பள்ளத்தாக்குக்காரர்கள்.

அதில் ராம்ஸ்பாட்டம் என்று ஒன்று. லங்காஷயர் பக்கம் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. ராம் என்றால் ஆட்டுக்கடா, எனவே கடாப் பள்ளம் என்று விளக்கம் சொல்வார்கள். அதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரம்ஸா’ என்றால் காட்டுப் பூண்டு. ஈரமான மரநிழலில் மண்டிக் கிடக்கும், மிதித்தால் ஊரே மணக்கும். காட்டுப் பூண்டுப் பள்ளம் என்பதுதான் எனக்குப் பிடித்த விளக்கம். ஆடு என்று நினைத்த பெயரில் பூண்டு இருக்கிறது, வெங்காயம் என்று நினைத்த பெயரில் பிஷப் இருக்கிறார்.

ஜூன் 17

விஷயத்தை விட்டு விலகுகிறேன் என்று திட்டு வந்திருக்கிறது. விலகித்தான் போகிறேன், இன்னும் கொஞ்சம்.

காய்கறியின் ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு வழியாக இலத்தீன் ‘ஊனியோ’. அதற்கு ஒருமை, ஒன்றாக இருப்பது என்று பொருள். யூனியன் என்ற சொல்லுக்கும் இதுவே தாய். முதல் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, ஒரு வகை வெங்காயத்தை நாட்டுப்புறத்தார் ஊனியோ என்று சொல்வதாகக் குறித்திருக்கிறார். பெரிய முத்துக்கும் அதே பெயர். பூண்டு மாதிரி பல்பல்லாகப் பிரியாமல் ஒரே குமிழாக இருப்பதால் என்பார்கள்.

அதே இடத்தில் ‘அஸ்கலோனியா’ என்று இன்னொரு வெங்காயத்தையும் சொல்கிறார். அஸ்கலோன் பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த பழைய துறைமுகம். இந்தச் சொல் தேய்ந்துதான் ஷாலட் ஆனது. நாம் சாம்பாருக்கு உரிக்கிற சின்ன வெங்காயம். ஊர்ப்பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்வது நம் ஆட்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை, வெங்காயமும் செய்திருக்கிறது.

ஜூன் 21

கடைசியாகக் கேள்விக்கே வருகிறேன். மண்டிக்காரர் பரம்பரையா?

முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே வெங்காயம் விற்றதால் இந்தப் பெயர் வந்த குடும்பங்களும் இருக்கலாம் என்று பெயரகராதிகள் இரண்டு வழியையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் ஸ்டாஃபர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர் என்று வேர் காட்டும் குடும்பத்துக்கு வேல்ஸ் வழிதான் பொருத்தம். அங்கிருந்து எல்லை தாண்டி கொஞ்ச தூரம் போனாலே வெல்ஷ்பூலிலிருந்து லான்ஃபேர் கைரைனியொன் என்ற ஊருக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1903-இல் போட்ட இரண்டரை அடி அகலப் பாதை. ‘கைர்’ என்றால் கோட்டை. கைரைனியொன் என்றால் ஐனியொன் கோட்டை. பெயர் அசல் உருவத்தில் ரயில் நிலையப் பலகையிலேயே நிற்கிறது. இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் 2014-இல் இரும்புப் பாலத்தோடு திரும்பிவிட்டேன். மகளிடம் சொன்னேன். ‘அன்னிக்கு உங்களுக்கு டோல்கேட் போர்டே போதும்னு இருந்துச்சு’ என்கிறாள்.

ஜூன் 22

கேள்வி கேட்ட நண்பர் பையனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாராம். பையன் யோசித்துவிட்டு, ‘அப்ப நம்மளும் தாத்தா பேரோட ‘ஸ்’ போட்டுக்கிட்டா சர்நேம் ஆயிடுமா?’ என்று கேட்டிருக்கிறான். தாத்தா பெயர் சுப்பையா.

சுப்பையாஸ். நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும் கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.